சிறிய ஒலியும் பெரிய துன்பமும்

எமது கிராமங்களில் பணியாற்றுவோர் அனைவருக்கும் தெரிந்த துன்பங்கள் சில உண்டு. கடன், குடி, காணித் தகராறு, காணாமற் போனவர்களுக்கான காத்திருப்பு என்று அவற்றைப் பெயர் சொல்லி அழைக்கலாம். பெயர் உள்ள துன்பத்திற்கு ஒரு படிவம் உண்டு. ஓர் அலுவலகம் உண்டு. சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று அதைப் பற்றிப் பேசவும் முடியும். ஆனால் பெயர் தெரியாத துன்பங்களும் உள. அவை வீட்டுக்குள்ளேயே கிடந்து, 'குணம் சரியில்லை', 'வளர்ப்புச் சரியில்லை', 'ஏதோ பிடித்திருக்கிறது' என்ற வேறு பெயர்களைப் பெற்றுவிடுகின்றன.

அத்தகைய ஒரு துன்பத்தைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது. அது ஒலி சம்பந்தமானது. வெடியோசையோ, ஒலிபெருக்கியின் அலறலோ அல்ல. பக்கத்தில் இருப்பவர் உணவை மெல்லும் ஓசை, தேநீரை உறிஞ்சும் ஓசை, வெற்றிலை சப்பும் ஓசை, மூக்கை உறிஞ்சும் ஓசை, தொண்டையைச் செருமும் ஓசை, பேனாவைச் சொடுக்கும் ஓசை. மற்றவர்களின் காதில் விழுந்தும் விழாத இந்த ஓசைகள் சிலரைத் தாங்கமுடியாத ஆத்திரத்திற்கும் அருவருப்பிற்கும் ஆளாக்குகின்றன. இந்நிலைக்கு 'மிசோபோனியா' என்று பெயர்.

ஒரு குடும்பத்தில் நடந்தது

மன்னார்ப் பகுதியின் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து தாய் ஒருவர் தம் மகளை அழைத்து வந்தார். அடையாளம் தெரியாதிருக்கும் பொருட்டுச் சில விபரங்களை மாற்றியே எழுதுகிறேன். மகளுக்கு அப்போது 14 வயது. தாய் சொன்னது இதுதான்:

"சுவாமி, இவள் எங்களோடை இருந்து சாப்பிட்டு இரண்டு வருசமாப் போச்சு. கோப்பையைத் தூக்கிக்கொண்டு கிணத்தடிக்குப் போயிடுவாள். தகப்பன் வெத்திலை போட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுறாள். அந்த மனிசன் கடலாலை களைச்சு வந்து நிம்மதியா ஒரு பிளேன்ரீ குடிக்கேலாமல் கிடக்கு. 'என்னைப் பார்க்க உனக்கு அருவருப்போ' எண்டு கேட்டு அண்டைக்கு அடிச்சும் போட்டார். பிள்ளைக்கு ஏதும் பிடிச்சிருக்குமோ?"

பிள்ளை படிப்பில் கெட்டிக்காரி. வகுப்பில் ஒழுங்கான மாணவி. அவளிடம் கேட்டபோது தாயின் முன்னிலையிலேயே தலையைக் குனிந்தபடி சொன்னாள்: "அப்பாவில எனக்கு நல்ல விருப்பம், சுவாமி. அந்தச் சத்தம் கேட்டால் மட்டும் உடம்பெல்லாம் பத்துது. கத்தோணும், இல்லாட்டி ஓடோணும் போல கிடக்கு. பிறகு, நான் ஒரு கெட்ட பிள்ளை எண்டு நினைச்சு அழுவன்." தாய் தந்தையரை மதிக்கவேண்டும் என்ற நான்காம் கட்டளையைத் தான் ஒவ்வொரு நாளும் மீறுவதாக எண்ணி, சில மாதங்களாக அவள் நற்கருணை வாங்கவும் போகவில்லை.

தகப்பனுடைய காயம் வேறு விதமானது. மகள் படித்து முன்னுக்கு வருகிறாள். கடற்றொழில் செய்யும் தகப்பன் அவளுக்கு வெட்கமாகிவிட்டான் என்று அவர் முடிவு செய்திருந்தார். ஒரு சிறிய ஓசை ஒரே கூரையின் கீழ் மூவரை மூன்று விதமாக நோகச் செய்திருந்தது. தாய்க்குப் பிசாசுப் பயம், தகப்பனுக்கு அவமானம், பிள்ளைக்குக் குற்ற உணர்வு. மூவருடைய விளக்கமும் தவறானது. சரியான விளக்கம் அவர்கள் எவருக்கும் கிடைத்திருக்கவில்லை.

மிசோபோனியா என்றால் என்ன?

1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தைச் சேர்ந்த செவிப்புலவியலாளர் மார்ஷா ஜோன்சன், இத்தகைய முறைப்பாடுகளோடு வந்தவர்களைக் கவனித்து, 'தெரிந்தெடுத்த ஒலி உணர்திறன்' என்ற கருத்துடைய ஒரு பெயரால் இதனை அழைத்தார். 2001ஆம் ஆண்டில் பாவெல் ஜஸ்ட்ரெபோஃப், மார்கரெட் ஜஸ்ட்ரெபோஃப் என்ற ஆய்வாளர் தம்பதியினர் 'மிசோபோனியா' என்ற சொல்லை உருவாக்கினர். கிரேக்க மொழியில் 'மிசோஸ்' என்பது வெறுப்பு. 'போனே' என்பது ஒலி. நேரடியாகச் சொன்னால் 'ஒலி வெறுப்பு'. ஆனால் இப்பெயர் சற்றுத் தவறாக வழிநடத்தக்கூடியது. இவர்கள் எல்லா ஒலிகளையும் வெறுப்பவர்கள் அல்லர். பாடலை ரசிப்பார்கள், கடலிரைச்சலில் உறங்குவார்கள், கோவில் மணியோசை அவர்களுக்கு இடைஞ்சலில்லை. குறிப்பிட்ட சில ஒலிகள், அதிலும் பெரும்பாலும் வேறொரு மனிதரின் வாய், மூக்கு, தொண்டை ஆகியவற்றிலிருந்து எழும் ஒலிகளே அவர்களை வாட்டுகின்றன.

2013இல் நெதர்லாந்தின் அம்ஸ்ரர்டாம் நகர உளமருத்துவர்கள் இத்துன்பத்துடன் வந்த 42 பேரை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டனர். இது தொடங்கிய வயது சராசரியாக 13 என அவர்கள் கண்டனர். அதாவது, பிள்ளை பருவமடையும் காலம். பெற்றோருடன் முரண்படுவதும் இயல்பாகவே ஆரம்பிக்கும் காலம். ஆகவேதான் அநேக வீடுகளில் இது 'வயதுத் திமிர்' என்று விளங்கிக்கொள்ளப்படுகிறது.

2022இல் பல துறைகளைச் சார்ந்த நிபுணர் குழு ஒன்று பொதுவான வரைவிலக்கணம் ஒன்றினை வெளியிட்டது. மிசோபோனியா என்பது குறிப்பிட்ட ஒலிகளை அல்லது அவற்றோடு தொடர்புடைய தூண்டல்களைத் தாங்கும் சக்தி குறைந்த ஒரு கோளாறு என்பது அதன் சாரம். ஒலியின் அளவு இங்கு முக்கியமல்ல. அந்த ஒலி எந்த வகையானது, அம்மனிதருக்கு அது எதை உணர்த்துகிறது என்பதே முக்கியம். சிலருக்கு ஒலி கேட்காமலே, ஒருவரின் தாடை அசைவதைக் கண்டாலோ கால் ஆடுவதைக் கண்டாலோ அதே ஆத்திரம் ஏற்படுவதுண்டு.

அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலிலோ, உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய்ப் பட்டியலிலோ இது தனியொரு நோயாகச் சேர்க்கப்படவில்லை. ஆகவே வைத்தியர் ஒருவர் இதைக் கேள்விப்படாதிருந்தால் அது வியப்புக்குரியதல்ல.

மூளையில் நடப்பது யாது?

2017இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுக்பிந்தர் குமாரும் அவருடைய சகாக்களும், மிசோபோனியா உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் மூளைப் படக்கருவியின் உதவியோடு ஒப்பிட்டனர். மழையோசை போன்ற சாதாரண ஒலிகளைக் கேட்கும்போது இரு சாராருக்கும் இடையில் பெரிய வேறுபாடு இல்லை. குழந்தையின் அழுகை போன்ற பொதுவாக எவருக்கும் பிடிக்காத ஒலிகளுக்கும் அப்படியே. ஆனால் மெல்லும் ஓசை, மூச்சோசை ஆகியவற்றைக் கேட்டபோது, மிசோபோனியா உள்ளவர்களின் மூளையில் 'இன்சுலா' எனப்படும் பகுதியின் முன்புறம் மிகையாகத் தொழிற்பட்டது. எது முக்கியமானது, எதைக் கவனிக்கவேண்டும் என்று தீர்மானிப்பதிலும், உடலின் உணர்வுகளை மனவெழுச்சிகளோடு இணைப்பதிலும் பங்கெடுக்கும் பகுதி இது. அவ்வேளையில் அவர்களின் இதயத்துடிப்பும் கூடியது; தோலின் வியர்வை மாற்றமும் அளவிடப்பட்டது. இவை ஒருவர் நடித்துக் காட்டக்கூடிய விடயங்கள் அல்ல.

2021இல் அதே ஆய்வாளர்கள் இன்னொரு விடயத்தையும் வெளியிட்டனர். ஒலியைக் கேட்கும் மூளைப் பகுதிக்கும், வாய், முகம் ஆகியவற்றை அசைக்கும் மூளைப் பகுதிக்கும் இடையிலான தொடர்பு இவர்களில் வலுவாக இருந்தது. மற்றவர் மெல்லும்போது தன் வாய்க்குள்ளேயே வலிந்து புகுந்து ஒருவர் மெல்லுவது போன்ற நிலை என்று இதனை விளங்கிக்கொள்ளலாம். பாதிக்கப்பட்டோரில் சிலர் அந்த ஓசையைத் தாமும் திருப்பிச் செய்து காட்டுவதுண்டு. பெற்றோர் அதைக் கேலி என்று எண்ணி அடிப்பார்கள். ஆனால் அப்படிச் செய்யும்போது தமக்குச் சிறிது ஆறுதல் கிடைப்பதாகவே அவர்கள் கூறுகின்றனர்.

இது எத்தனை பேருக்கு உண்டு? 2023இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, ஐக்கிய இராச்சியத்தில் வயது வந்தோரில் ஏறத்தாழ 18 சதவீதத்தினருக்கு இத்தகைய ஒலிகள் குறிப்பிடத்தக்க துன்பமாக உள்ளன. ஆய்வில் பங்குபற்றியோரில் ஏறத்தாழ 14 சதவீதத்தினர் மாத்திரமே மிசோபோனியா என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருந்தனர். அதாவது, துன்பம் அனுபவிப்போர் தொகை அதன் பெயர் தெரிந்தோர் தொகையை விடக் கூடுதலானது. வாழ்க்கையே முடங்கும் அளவிற்குத் துன்புறுவோர் இவர்களில் ஒரு சிறு பகுதியினரே. எனினும் ஒரு பங்கில், ஒரு பாடசாலையில், ஒரு மாதர் சங்கத்தில் ஓரிருவராவது இருப்பர் என்று நாம் எதிர்பார்ப்பது மிகையல்ல.

மயங்கவேண்டாத வேறுபாடுகள்

ஒலியால் துன்புறுவோர் எல்லோருக்கும் மிசோபோனியா என்று சொல்லிவிடக் கூடாது. வேறு நிலைகளும் உள.

முதலாவது, ஒலி மிகையுணர்வு. இதில் ஒலியின் அளவே பிரச்சினை. கோப்பை விழும் ஓசையும் மோட்டார் சைக்கிள் ஓசையும் காதில் வலியாக விழும். காதிரைச்சல் உள்ளவர்களிடமும் இது காணப்படலாம். இவர்கள் காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணரைக் காண்பது அவசியம்.

இரண்டாவது, ஒலி அச்சம். இங்கு மேலோங்கி நிற்பது ஆத்திரமல்ல, பயம்.

மூன்றாவது, எமது மண்ணுக்கு மிகவும் தெரிந்தது. 2009 வரை நடந்த போரின் ஊடாக வந்தவர்கள் திருவிழா வெடிக்கும், தாழப் பறக்கும் ஹெலிகொப்டரின் ஓசைக்கும் திடுக்கிட்டு உறைந்துபோவதை நாம் கண்டிருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் உளமருத்துவராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம் போன்றோர் இத்தகைய மனவடுக்களை நெடுங்காலமாக எழுதி வந்துள்ளனர். இங்கு ஒலி, நடந்துபோன ஆபத்தைத் திரும்ப அழைத்து வருகிறது. மிசோபோனியாவில் அப்படி ஒரு பயங்கர நினைவு பின்னால் இருக்கவேண்டியதில்லை. இரண்டிற்கும் வழங்கவேண்டிய உதவி வேறு வேறானது.

நான்காவது, ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் ஒலி உணர்திறன். இது பெரும்பாலும் சிறு வயதிலேயே, பேச்சு, பழக்கம் ஆகியவற்றில் காணப்படும் வேறு அடையாளங்களோடு தோன்றும்.

ஒருவரிடமே இவற்றில் இரண்டு சேர்ந்திருக்கவும் கூடும். ஆகவே கிராமப் பணியாளர் பெயர் சூட்ட அவசரப்படாமல், பொறுமையாகக் கேட்டு, உரிய இடத்திற்கு அனுப்புவதே முறை.

550 சதுர அடி வீட்டில்

மேலைநாட்டுக் கையேடுகளில் கூறப்படும் ஆலோசனைகள் எளிமையானவை: வேறு அறைக்குச் செல்லுங்கள், தனியாக உண்ணுங்கள், இரைச்சலை நீக்கும் தலையணிக் கருவியை அணியுங்கள். போருக்குப் பின்னர் வடக்கில் கட்டப்பட்ட வீட்டுத்திட்ட வீடுகள் பலவற்றின் அளவு 550 சதுர அடி. அதற்குள் ஐந்தாறு பேர் வாழ்கின்றனர். தகரக் கொட்டிலில் வாழ்வோரும் இன்னும் உள்ளனர். அங்கே 'வேறு அறை' என்பது கிணற்றடியோ வேலியோரமோதான். இரவில் ஒரு பெண் பிள்ளை கோப்பையோடு அங்கே போய் இருப்பது பாதுகாப்பானதும் அல்ல.

இதற்கும் மேலாக, சேர்ந்து உண்பது எமது பண்பாட்டில் வெறும் பசியாறல் அல்ல. மரணவீட்டுக்குப் போனாலும் கலியாணவீட்டுக்குப் போனாலும் பந்தியில் இருந்து எழும்புவது பகைக்கு அடையாளம். விருந்தாளியோடு உண்ண மறுத்தால் அது அவமதிப்பு. சாதியின் பெயரால் சிலரோடு உண்ண மறுத்த கொடுமையையும் எமது சமூகம் இன்னும் மறக்கவில்லை. ஆகவே ஒருவர் மற்றவரின் பக்கத்தில் இருந்து உண்ணமுடியாமல் எழும்பும்போது, அதைப் பார்ப்பவர் தம்மை ஒதுக்கியதாகவே விளங்கிக்கொள்கிறார். அந்தத் தகப்பனின் கோபம் இந்த வரலாற்றிலிருந்து வந்தது. அதனை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது.

குழந்தை தெரேசம்மாளும் ஒரு சிறு ஓசையும்

லிசியே நகரக் கார்மேல் மடத்தில் வாழ்ந்து, 1897இல் தமது 24ஆவது வயதில் இறந்த குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாள், தாம் இறந்த ஆண்டில் எழுதிய தன்வரலாற்றுப் பகுதியில் ஒரு சம்பவத்தைக் கூறுகிறார். மாலைத் தியான வேளையில் அவருக்குப் பின்னால் இருந்த சகோதரி ஒருவர், இரண்டு சிப்பிகளை உரசுவது போன்ற ஒரு சிறிய ஓசையை விடாமல் எழுப்புவார். வேறொருவர் காதிலும் அது விழவில்லை. தெரேசம்மாளுக்கோ திரும்பி ஒரு பார்வை பார்த்துவிடவேண்டும் போல இருந்தது. அச்சகோதரியின் மனம் நோகக்கூடாதென்று அடக்கிக்கொண்டார். உடல் வியர்வையில் நனைந்தது. இறுதியில் அந்த ஓசையை ஓர் இன்னிசையாக எண்ணிச் செவிமடுத்து, அதையே இறைவனுக்குக் காணிக்கையாக்க முயன்றார்.

இந்தப் பகுதியை இரு காரணங்களுக்காக நினைவூட்டுகிறேன். ஒன்று, ஒரு சிறு ஓசை வியர்த்து வடியும் அளவிற்கு ஒருவரை வாட்டும் என்பதை ஒரு புனிதையே எழுதி வைத்துள்ளார். அவருக்கு மிசோபோனியா இருந்தது என்று கூற எமக்கு உரிமை இல்லை. எனினும் இப்படித் துன்புறுவது பக்திக் குறைவின் அடையாளமல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை. மற்றது, இந்தச் சம்பவத்தை எடுத்துக்காட்டி, 'நீயும் இப்படிப் பொறுத்துக்கொள்' என்று 14 வயதுப் பிள்ளையிடம் சொல்லிவிடக் கூடாது. ஒருவர் தாமாக மனமுவந்து கொடுக்கும் காணிக்கை வேறு. மற்றவர் தலையில் நாம் சுமத்தும் சுமை வேறு. நோவைக் காணிக்கையாக்கச் சொல்லும் முன்னர், அந்த நோவைக் குறைக்க வழியுண்டா என்று பார்ப்பது எமது கடமை.

பாவம் பற்றிய கேள்விக்கும் தெளிவான பதில் உண்டு. 1992இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், உணர்ச்சிகள் தம்மளவில் நல்லவையும் அல்ல, தீயவையும் அல்ல என்று போதிக்கிறது. அறிவும் விருப்பமும் கலந்து நாம் செய்பவையே நன்மை தீமைக்கு உரியவை. ஓசை கேட்டதும் பொங்கும் ஆத்திரம் பாவமல்ல. அந்த ஆத்திரத்தில் கோப்பையை எறிவதா, அமைதியாக எழுந்து வெளியே போவதா என்பதில்தான் எமது பொறுப்பு தொடங்குகிறது. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்ட பிறகு அப்பிள்ளை திரும்பவும் நற்கருணை வாங்கத் தொடங்கினாள்.

பயன் தருவன எவை?

மிசோபோனியாவை முற்றாக மாற்றும் மருந்து எதுவும் கண்டறியப்படவில்லை. ஆனால் துன்பத்தைக் குறைக்க வழிகள் உள. அம்ஸ்ரர்டாமில் 54 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2021இல் வெளியான பரிசோதனை ஒன்றில், மூன்று மாதக் குழுமுறை அறிகை நடத்தைச் சிகிச்சை பெற்றவர்களில் 37 சதவீதத்தினர் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டனர். காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களில் அப்படி எவரும் முன்னேறவில்லை. ஓராண்டின் பின்னரும் அப்பயன் நிலைத்திருந்தது. எல்லோருக்கும் பயன்படவில்லை என்பதும் உண்மை. ஆயினும் இதுவும் பேச்சினாலும் பயிற்சியினாலும் குறைக்கக்கூடிய துன்பமே என்பது தெளிவு.

வீட்டிலும் பாடசாலையிலும் இன்றே தொடங்கக்கூடியவை சில:

1. துன்பத்திற்குப் பெயர் கொடுங்கள். "உங்களோடை கோபமில்லை, அந்தச் சத்தத்தைத்தான் என்னால தாங்கேலாமல் கிடக்கு" என்று சொல்லப் பிள்ளையைப் பழக்குங்கள். குடும்பத்தாரும் அதை அப்படியே ஏற்கட்டும்.

2. சாப்பாட்டு வேளையில் வேறு ஓசை இருக்கட்டும். மின்விசிறி, வானொலி, பேச்சு ஆகியவை மெல்லும் ஓசையை மூடும். முழு மௌனத்தில் உண்பதே மிகக் கடினம்.

3. எழும்புவதற்கு ஓர் அடையாளத்தை முன்கூட்டியே பேசி வையுங்கள். எப்போதும் எழும்பலாம் என்ற உறுதி இருக்கும்போது, கூடிய நேரம் இருக்க முடிகிறது.

4. வற்புறுத்தி 'பழக்க' முயலாதீர்கள். காதருகில் வேண்டுமென்றே மென்று காட்டுவது சிகிச்சை அல்ல, வதை. அண்ணன் தம்பிமாரின் கேலியையும் பெற்றோர் நிறுத்தவேண்டும்.

5. மறுபுறத்தில், வீடு முழுவதையும் பிள்ளையின் காதுக்கு ஏற்றவாறு அடக்கிவிடவும் வேண்டாம். எவரும் மெல்லக்கூடாது, மூச்சு விடக்கூடாது என்ற நிலை வந்தால் துன்பம் கூடுமே தவிரக் குறையாது. இரு தரப்பும் சிறிது சிறிது விட்டுக்கொடுப்பதே வழி.

6. காதடைப்பான்களைத் தேவையான வேளையில் மட்டும் பாவியுங்கள். நாள் முழுவதும் காதை அடைத்து வைத்தால் ஒலி உணர்திறன் மேலும் கூடக்கூடும் எனச் செவிப்புலவியலாளர் எச்சரிக்கின்றனர்.

7. நித்திரைக் குறைவும் பசியும் களைப்பும் இதனை மோசமாக்கும். பரீட்சைக் காலத்தில் இதை மனதில் வைத்திருங்கள்.

8. ஆசிரியர்கள் அப்பிள்ளைக்கு வகுப்பில் ஓர் ஓர இருக்கையைக் கொடுக்கலாம். மூக்கு உறிஞ்சும் மாணவனுக்குப் பக்கத்தில் இருத்தி, "கவனமில்லை" என்று தண்டிப்பதில் பயனில்லை.

மேற்சொன்ன குடும்பத்தில் நடந்தது பெரிய அற்புதம் எதுவும் அல்ல. காது பரிசோதிக்கப்பட்டது, கேட்டல் சரியாக இருந்தது. பின்னர் வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் பிள்ளைக்குப் பல தடவைகள் உளவளத்துணை கிடைத்தது. இது வைத்தியர்கள் அறிந்த ஒரு நிலை என்று தகப்பனுக்கு விளக்கியபோது, அவர் நெடுநேரம் பேசாதிருந்து ஒரேயொரு கேள்வி கேட்டார்: "அப்ப, இது நான் கடற்தொழில் செய்யிறதாலை இல்லையோ, சுவாமி?" இல்லை என்றதும், வெற்றிலையைச் சாப்பாட்டுக்குப் பிறகு முற்றத்து வேம்பின் கீழ் போடுவதாக அவரே சொன்னார். எவரும் அவரைக் கேட்கவில்லை. வானொலியைப் போட்டு, முதல் பத்து நிமிடங்கள் சேர்ந்து உண்பது, அதற்கு மேல் முடியாவிட்டால் பிள்ளை குசினிக்குள் போவது என்று உடன்பட்டார்கள். சில நாட்களில் பத்து நிமிடங்கள் முடியாது. சில நாட்களில் முழுச் சாப்பாடும் முடிகிறது. கிணற்றடிக்குப் போவது நின்றுவிட்டது. அடியும் நின்றுவிட்டது.

உதவியை எங்கே தேடுவது?

முதலில் அருகிலுள்ள ஆதார வைத்தியசாலை அல்லது மாவட்டப் பொது வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் கேட்டலைப் பரிசோதித்துக்கொள்வது நன்று. அடுத்து, மனநலப் பிரிவை நாடலாம். வைத்தியருக்கு இப்பெயர் புதியதாயின், நடப்பவற்றை எழுதிக் கொடுங்கள்: எந்த ஓசை, யாருடையது, எந்த வேளையில், உடலில் என்ன நடக்கிறது, அதன் பின் என்ன செய்கிறார். ஒரு வாரக் குறிப்பு நீண்ட விளக்கத்தைவிடப் பயன் தரும். பிரதேச செயலகங்களில் உள்ள உளவளத்துணை உத்தியோகத்தர்களையும் அணுகலாம். மனச்சுமை தாங்கமுடியாத வேளையில், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம்.

இவற்றோடு, ஒத்த துன்பம் உடையோரின் துணையும் வேண்டும். மேலைநாடுகளில் மிசோபோனியா பற்றிய அறிவு வளர்ந்ததற்குப் பாதிக்கப்பட்டவர்கள் தாமே ஒன்றுசேர்ந்து குரல் எழுப்பியதும் ஒரு காரணம். 'எனக்கு மட்டும்தான்' என்ற எண்ணம் உடையும்போது பாதிப் பாரம் இறங்குகிறது. எமது பகுதிகளில் மாதர் சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் சிக்கனக் குழுக்களும் உள. அங்கே ஒரு தடவை இதைப் பற்றிப் பேசினால் போதும். கூட்டம் முடிந்த பின் ஓரிருவர் தயங்கித் தயங்கி வந்து, "எனக்கும் அப்படித்தான்" என்பார்கள். பிள்ளைகள் மட்டுமல்லர். கணவனின் குறட்டையும் மாமியாரின் இருமலும் தன்னை ஏன் இப்படி மாற்றுகின்றன என்று விளங்காமல் தன்னையே வெறுக்கும் பெண்களும் அவர்களுள் இருப்பர்.

எமது பொது இடங்களும்

இங்கு திருச்சபையும் தன்னைக் கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்நாட்டில் 1996இல் இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் கொண்டுவரப்பட்டன. 2007இல் உயர் நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிப் பாவனையைக் கட்டுப்படுத்தும் உத்தரவு ஒன்றை வழங்கியது. எந்தச் சமயத்தவராயினும் மற்றவர் காதின்மேல் எமக்கு அளவற்ற உரிமை இல்லை என்பதே அதன் பொருள். மெல்லும் ஓசைக்குச் சட்டம் இயற்ற முடியாது, இயற்றவும் கூடாது. ஆயினும், கேட்பவரின் துன்பத்தைப் பொருட்படுத்தும் பழக்கம் பெரிய ஓசையில் எம்மிடம் இல்லாவிட்டால், சிறிய ஓசையில் எப்படி வரும்?

ஆகவே மறையாசிரியர்களிடமும் முன்பள்ளி ஆசிரியைகளிடமும் குழுத் தலைவர்களிடமும் மூன்று வேண்டுகோள்கள். உங்கள் பகுதியில் தனியே உண்ணும் பிள்ளை, காதைப் பொத்தும் பிள்ளை, காரணமின்றிச் சீறுவதாகச் சொல்லப்படும் பிள்ளை இருந்தால், திட்டுவதற்கு முன்னர் "எந்தச் சத்தம் உனக்குக் கஷ்டமாயிருக்கு?" என்று ஒரு தடவை கேளுங்கள். பேயோட்டுவதற்குக் கொண்டுபோகும் பெற்றோரை முதலில் வைத்தியசாலைக்கு வழிகாட்டுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் இக்கட்டுரையின் எட்டுக் குறிப்புகளையும் வாசித்துக் கலந்துரையாடுங்கள். பணச் செலவு இல்லாத வேலை இது. ஒரு மணி நேரமும், காது கொடுத்துக் கேட்கும் மனமும் போதும்.